சேந்தமங்கலத்துக் கோழிக்குழம்பும் ஒரு பத்தடிக் கோலும்

1

போன மாதம் எங்கள் ஆராய்ச்சிக்கூடத்துக்குப் புதிதாக ஒரு லெவல் கருவி வந்தது. நிலத்தின் மேடு பள்ளத்தை அளக்கிற சாமான் அது. முக்காலியின் மேல் ஒரு சின்னத் தொலைநோக்கி, அவ்வளவுதான். தூரத்தில் ஒருவர் எண்கள் எழுதிய கோலைத் தரையில் நிறுத்திப் பிடிப்பார். நாம் கண்ணை வைத்து, கண்ணாடியின் நடுக்கோடு எந்த எண்ணில் விழுகிறது என்று படித்து எழுதிக்கொள்ள வேண்டும். எண் பெரிதானால் அந்த இடம் பள்ளம், சிறிதானால் மேடு. ஹாலந்து தேசத்தின் வடக்கு ஓரத்தில் பத்து வருடமாக இதற்கும் சேர்த்துத்தான் எனக்குச் சம்பளம் தருகிறார்கள்.

கால்வாயின் இந்தக் கரையில் கருவியை நிறுத்தினேன். எதிர்க்கரையில் யான் கோலைப் பிடித்துக்கொண்டு நின்றார். யான் என் உதவியாளர். ஆறே கால் அடி உயரம், அதற்கேற்ற பொறுமை. கண்ணை வைத்தேன். எண்கள் நேராகத் தெரிந்தன. "கருப்பண்ணா, கோலைத் திருப்பிப் புடிங்க" என்று கத்தினேன்.

யானுக்குத் தமிழ் தெரியாது. ஆனால் நான் கையைக் குப்புறத் திருப்பிக் காட்டியதைப் பார்த்துவிட்டு, கோலைத் தலைகீழாகத் திருப்பி நட்டுக்கொண்டு அமைதியாக நின்றார். இந்த ஊர்க்காரர்களிடம் அப்படி ஒரு குணம். சொன்னதைச் செய்துவிட்டு, காரணத்தை காப்பி குடிக்கும்போது கேட்பார்கள். காப்பி வேளையில் கேட்கவும் கேட்டார். பழைய கருவிகளில் எல்லாம் தலைகீழாகத்தான் தெரியும், புதியதில் இன்னொரு கண்ணாடி சேர்த்து நேராகத் தெரியும்படி செய்திருக்கிறார்கள் என்று பிறகுதான் எனக்கே புரிந்தது. கூட வந்த விளக்கப் புத்தகத்தின் முதல் பக்கத்திலேயே அதைக் கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள். சாமானை முடுக்கிப் பார்ப்பதற்கு முன்பே விளக்கப் புத்தகத்தைப் படிக்கிற பழக்கம் நம்மில் எத்தனை பேருக்கு உண்டு?

"கருப்பண்ணா என்றால் என்ன அர்த்தம்?" என்று யான் கேட்டார்.

"என்னுடன் முன்பு வேலை பார்த்தவர்" என்றேன். அன்று வீட்டுக்குப் போனதும் சேலத்திலிருந்து கொண்டுவந்த டிரங்குப் பெட்டியைத் திறந்தேன். அதற்குள் கொடுக்காமலே வைத்துக்கொண்ட ஒரு கடிதம் பத்து வருடமாகக் கிடந்தது. அந்தக் கதையைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

2

அதற்கு முன் நான் இருக்கிற இடத்தைப் பற்றிக் கொஞ்சம். வெளிநாட்டில் இருப்பவன் என்றதும் பனியையும் பூந்தோட்டத்தையும் பற்றி எழுதுவான் என்று எதிர்பார்ப்பீர்கள். நான் நாற்றத்தைப் பற்றி எழுதப் போகிறேன். இங்கே ஊரைச் சுற்றிலும் உருளைக்கிழங்கு மாவு ஆலைகள். கிழங்கு அறுவடை முடிந்ததும் ஆலைகள் ஓடத் தொடங்கும். கழுவின தண்ணீரும் மாவு தெளிந்த தண்ணீரும் அப்படியே கால்வாயில் விழும். கால்வாய் முழுக்க நுரை. ஒரு வாரத்தில் ஊரே புளித்த கஞ்சிப் பானைக்குள் உட்கார்ந்த மாதிரி இருக்கும். அந்தக் கால்வாய்த் தண்ணீரைப் பாட்டில் பாட்டிலாகப் பிடித்துவந்து, அதில் மீன் ஏன் பிழைப்பதில்லை என்று எழுதுவது என் வேலை. மீன்களைக் கேட்டால் ஒரே வரியில் சொல்லிவிடும். எனக்கு நாற்பது பக்கம் ஆகிறது.

நாற்றம் தொடங்கியதும் என் மனைவி மேரி ஜன்னல்களை அடைத்துவிடுவாள். நான் போய் ஒன்றைத் திறந்துவிடுவேன். சேலத்து ஜவ்வரிசி ஆலைகளின் கழிவுத் தண்ணீருக்கும் அச்சு அசல் இதே வாடைதான். மற்றவர்களுக்கு மல்லிகைப் பூ மணத்தால் ஊர் ஞாபகம் வருமாம். எனக்கு வாய்த்தது இது. வேலைக்குப் போகும் கோட்டை வீட்டுக்குள் கொண்டுவரக் கூடாது என்று மேரி சட்டம் போட்டிருக்கிறாள். அது நிலக்கரிக் கொட்டகையில் ஆணியில் தொங்குகிறது.

இங்கே என் பெயர் மிக்கேல். அது என் அப்பாவின் பெயர். வந்து இறங்கிய மூன்றாம் நாள் அயல்நாட்டவர் பதிவு அலுவலகத்தில் ஒரு பாரம் கொடுத்தார்கள். பெயர் என்ற இடத்தில் ஆரோக்கியம் என்றும், குடும்பப் பெயர் என்ற இடத்தில் வேறு வழியில்லாமல் மிக்கேல் என்றும் எழுதினேன். அன்றிலிருந்து நான் மிஸ்டர் மிக்கேல். சேலம் டவுனைத் தாண்டாத என் அப்பா இந்த ஊரில் வாடகை கட்டுகிறார், நூலகத்தில் புத்தகம் எடுக்கிறார், பனியில் சறுக்கி விழுகிறார். ஆண்டுதோறும் பதிவைப் புதுப்பிக்கப் போகும்போது திருத்தச் சொல்லிக் கேட்பேன். ஏற்கெனவே பதிவாகியிருப்பது தவறு என்று நிரூபிக்கும் சான்றிதழ் வேண்டும் என்பார்கள். யார் தருவார்கள் என்று கேட்டால், மிஸ்டர் மிக்கேல் விண்ணப்பித்தால் கொடுக்கலாம் என்பார்கள்.

எங்கள் மகள் ரோஸி இங்கே பிறந்தவள், ஒன்பது வயது. தமிழில் கேட்டால் டச்சில் பதில் சொல்வாள். எப்போதாவது அவள் தமிழ் பேசினால் எங்களுக்குத்தான் பயம். போன வருடம் ஊரிலிருந்து ஒரு பாதிரியார் வந்திருந்தார். ரோஸி வாசலுக்கு ஓடிப்போய், "வாடா, உக்காரு, சாப்டியா?" என்றாள். பிள்ளை மேல் குற்றமில்லை. நானும் மேரியும் அவளிடம் பேசுவதுதான் அவளுக்குத் தெரிந்த மொத்தத் தமிழ். மரியாதையாக ஒருவர் இன்னொருவரிடம் பேசி அவள் கேட்டதே இல்லை. பாதிரியார் நல்லவர், உட்கார்ந்து சாப்பிட்டார். நான் அன்று முழுவதும் வெட்கத்தோடு இருந்தேன்.

3

ஐம்பதுகளின் நடுவில் நான் சர்வே உத்தியோகத்தில் புதிதாகச் சேர்ந்த தற்காலிக ஊழியன். லெவல் எடுக்க மூன்று வாரம் பயிற்சி கொடுத்திருந்தார்கள். அந்த மூன்று வாரமும் எனக்குத் தலைவலி. கருவிக்குள் மரம், மாடு, மனிதர் எல்லோரும் தலைகீழாக நிற்பார்கள். கோலில் உள்ள எண்களும் குப்புறக் கிடக்கும். ஆறா ஒன்பதா என்று கண்டுபிடிப்பதற்குள் கண்ணில் தண்ணீர் வந்துவிடும். போகப் போகக் கண் பழகிவிடும் என்று பயிற்சி கொடுத்தவர் சொல்லியிருந்தார். எப்போது பழகும் என்று சொல்லவில்லை.

எனக்குக் கோல் பிடிப்பவர் கருப்பண்ணன். ஐம்பதை நெருங்கும் வயது, முன்பு கிணறு வெட்டும் கூலியாக இருந்து நிலம் அளக்கும் சங்கிலியை இழுக்கும் வேலைக்கு வந்தவர். அடுத்தவர் சிரமப்படுவதைப் பார்த்துச் சும்மா இருக்க அவரால் முடியாது. இந்தக் கதையில் நடந்த கெட்டதும் நல்லதும் அந்தக் குணத்தால் வந்ததுதான்.

சேந்தமங்கலத்துக்குப் பக்கத்தில் ஒரு ஜவ்வரிசி ஆலை. குச்சிக்கிழங்கை, அதாவது மரவள்ளியை, உரித்து, அரைத்து, பால் பிழிந்து, மாவு அடியில் தெளிந்ததும் மேல் தண்ணீரை ஒரு குட்டையில் திறந்துவிடுவார்கள். குட்டையிலிருந்து அறுநூறு அடி தள்ளி செல்லாயி என்ற அம்மாவின் கிணறு இருந்தது. மூன்று ஏக்கர் நிலம், நாற்பது வயது, கணவர் லாரியில் வடக்கே போகிறவர், மாதம் ஒருமுறை வருவார். கிணற்றுத் தண்ணீர் புளிக்கத் தொடங்கிவிட்டது. எருமை முகர்ந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது. குட்டையிலிருந்துதான் இறங்குகிறது என்று செல்லாயி மனுக் கொடுத்தார். ஆலை முதலாளியோ, கிணறு இருக்கிற இடம் குட்டையைவிட மேடு, அங்கே எப்படித் தண்ணீர் போகும் என்றார். கண்ணால் பார்த்தால் இரண்டும் ஒரே மட்டமாகத்தான் தெரியும். போய் அளந்துவிட்டு வா, கிணறு பள்ளத்தில் இருந்தால் குட்டையை மூடி வேறு பக்கம் வாய்க்கால் வெட்டச் சொல்லி உத்தரவு போடலாம் என்று தாலுக்கா ஆபீசில் என்னை அனுப்பினார்கள். அந்தக் கிணறு போனால் செல்லாயிக்கு மூன்று ஏக்கரும் மானம் பார்த்த பூமிதான்.

நாங்கள் போன நாள் வெள்ளிக்கிழமை. காலையில் குட்டையின் சுற்றளவைச் சங்கிலி போட்டு அளந்தோம். மத்தியானம் சுற்று வட்டாரத்தில் சாப்பாட்டுக் கடை கிடையாது. முதலாளி வீட்டில் இலை போட்டுவிட்டார்கள். அளக்க வந்தவனுக்கு யார் வீட்டில் சோறு என்பதை அந்தப் பக்கத்தில் ஊரே கவனிக்கும். அது எனக்கும் தெரியும். ஆனால் பசி அதைவிட நன்றாகத் தெரிந்தது. கோழிக்குழம்பின் வாசனை ஆலை நாற்றத்தையே அமுக்கிவிட்டது.

"எனக்குக் கறி வேண்டாங்க. இன்னைக்கு வெள்ளிக்கிழமை" என்றேன்.

முதலாளி திகைத்துப் போனார். "ஏனுங்க, நீங்க மாதா கோயிலுக்குப் போறவங்கதானுங்களே? வேதக்காரருக்கு எதுக்குங்க வெள்ளிக்கிழமை?"

கத்தோலிக்கருக்கும் வெள்ளிக்கிழமை கறி ஆகாது என்று விளக்கினேன். அவருக்கு நம்பிக்கை வரவில்லை. கடைசியில் எனக்கு மோர்ச்சோறும் கத்தரிக்காயும் வந்தன. என் பங்குக் கோழியும் சேர்த்துக் கருப்பண்ணனின் இலைக்குப் போனது. அவர் ஒரு எலும்பைக்கூட வீணாக்கவில்லை.

சாப்பிட்டு வந்து கருவியை நடுவில் நிறுத்தினேன். கருப்பண்ணன் தயங்கித் தயங்கி நின்றார். "சார், ஒருக்காப் பாக்கலாங்களா?" பாருங்கள் என்றேன். பார்த்தார். நிமிர்ந்தார். குனிந்து மறுபடி பார்த்தார்.

"என்னங்க சார், எல்லாம் தலைகீழா நிக்குது? இதுலயா இத்தன நாளாப் படிச்சுக்கிட்டு இருக்கீங்க?"

"ஆமாங்க, அப்படித்தான்."

"பாவமுங்க" என்று சொல்லிவிட்டுக் கோலைத் தோளில் போட்டுக்கொண்டு குட்டைப் பக்கம் நடந்தார்.

4

அது பத்தடிக் கோல். ஒரே மரத்தில் செய்தது, இரு முனையும் ஒரே மாதிரி இருக்கும். கண்ணை வைத்ததும் எண்கள் அழகாக நேராகத் தெரிந்தன. கண் பழகிவிட்டது என்று எனக்கு ஒரே சந்தோஷம். மாதாவுக்கு மனதுக்குள் நன்றி சொன்னேன். கறியைத் தொடாமல் இருந்ததற்குக் கைமேல் பலன் என்றுகூட நினைத்தேன். குட்டைக் கரையில் ஏழு அடி, கிணற்று மேட்டில் மூன்று அடி. அதாவது கிணறு குட்டையைவிட நாலு அடி மேட்டில் இருக்கிறது. முதலாளி சொன்னது சரி. நோட்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

நடந்தது என்ன என்று இப்போது உங்களுக்குப் புரிந்திருக்கும். சாருக்கு எல்லாம் தலைகீழாகத் தெரிகிறதே என்ற இரக்கத்தில், கருப்பண்ணன் கோலையே தலைகீழாகத் திருப்பிப் பிடித்திருந்தார். உண்மையில் குட்டையில் மூன்று, கிணற்றில் ஏழு. மேடு பள்ளமாகி, பள்ளம் மேடாகிவிட்டது. கோல் தலைகீழாக நிற்கிறது என்பது அறுநூறு அடிக்கு நடுவில் நின்ற எனக்கும் தெரியவில்லை. கண்ணாடிக்குள் நேராகத் தெரிந்தால் வெளியே தலைகீழாக இருக்கிறது என்று யோசிக்க வேண்டும். எனக்கு என் கண் மேல் இருந்த பெருமையில் அது தோன்றவில்லை.

செல்லாயி வரப்பில் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். சாமானைக் கட்டும்போது அருகில் வந்தார்.

"சாமி, நல்லாப் பாத்தீங்களா?"

"பாத்தேம்மா. உங்க கிணறு மேட்டுலதான் இருக்கு. குட்டைத் தண்ணி வர வழியில்ல."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். கோபப்படவில்லை. குரலையும் உயர்த்தவில்லை. "கோழி ருசியா இருந்துச்சுங்களா சாமி?" என்று மட்டும் கேட்டுவிட்டு வரப்போடு போய்விட்டார்.

5

மூன்று வாரம் கழித்துப் பரமத்தி வேலூரில் ஒரு வெற்றிலைத் தோட்டத்துக்குப் பக்கத்தில் வாய்க்கால் மட்டம் எடுத்தோம். காவேரித் தண்ணீர் சலசலவென்று வாழைத் தோப்புக்குள் ஓடிக்கொண்டிருந்தது. எண்கள் நேராகத் தெரிந்தன. எழுதினேன். எழுதியதைக் கூட்டிக் கழித்துப் பார்த்தேன். என் நோட்டின்படி வாய்க்கால் பள்ளத்திலிருந்து மேட்டை நோக்கி ஓடிக்கொண்டிருந்தது. தண்ணீரைப் பார்த்தேன், நோட்டைப் பார்த்தேன். தண்ணீர் என் நோட்டைப் படித்ததாகத் தெரியவில்லை.

"கருப்பண்ணா, கோலை எப்படிப் புடிச்சிருக்கீங்க?"

"சேந்தமங்கலத்துல புடிச்ச மாதிரியேதானுங்க சார்" என்றார் உற்சாகமாக. "சாருக்குக் கண்ணு வலிக்கக் கூடாதுன்னு தலகீழாப் புடிச்சனுங்க. இப்ப சவுரியமா இருக்குதுங்களா?"

வரப்பில் உட்கார்ந்துவிட்டேன். நான் விளக்கியதும் அவர் முகம் கறுத்துப்போனது.

அன்றே தாசில்தாருக்கு ஒரு கடிதம் எழுதினேன். சேந்தமங்கலத்து அளவு தவறு, கிணறுதான் பள்ளத்தில் இருக்கிறது, மறுபடி அளக்க உத்தரவிட வேண்டும் என்று. மறுநாள் அதைப் பையில் வைத்துக்கொண்டு தாலுக்கா ஆபீசுக்குப் போனேன். ஆத்தூர்ப் பக்கத்துத் தலைமைக் குமாஸ்தா ஒருவர் இருந்தார். விஷயத்தைச் சொல்லாமல் சுற்றிவளைத்துக் கேட்டேன். "ஒரு சர்வேயர் எடுத்த அளவு தப்புன்னு அவருக்கே தெரிஞ்சா என்ன செய்யணும் சார்?"

"அதுக்கு வழியே இல்லையேப்பா" என்றார் அவர். "மனு கொடுத்தவங்க ஆட்சேபணை எழுதித் தரணும். சர்வேயர் மேல சர்வேயரே ஆட்சேபணை எழுத முடியாது. எழுதினா விசாரணை உம்மேலதான் திரும்பும். அது சரி, நீ வெளிநாட்டுல படிக்கணும்னு போட்டியே விண்ணப்பம், அது இப்ப தாசில்தார் மேசை மேலதான் இருக்கு. நற்சான்று எழுதிட்டு இருக்காரு."

உள்ளதைச் சொல்கிறேன். கடிதத்தைப் பையிலிருந்து எடுக்கவில்லை. நாளைக்குக் கொடுக்கலாம் என்று நினைத்தேன். மறுநாளும் அதையே நினைத்தேன். இப்படியே பன்னிரண்டு நாள் அந்தக் கடிதம் என்னோடு சேலத்துக்கும் நாமக்கல்லுக்கும் பஸ்ஸில் போய் வந்தது. அந்த நாட்களை நினைத்தால் இப்போதும் எனக்கு என் மேலேயே அருவருப்பாக இருக்கிறது. ஒரு குடும்பத்தின் தண்ணீரைப் பள்ளத்திலிருந்து மேட்டில் ஏற்றி வைத்துவிட்டு, என் சீமைப் படிப்பைப் பற்றிக் கவலைப்பட்டுக்கொண்டிருந்தேன்.

6

பதின்மூன்றாம் நாள் செல்லாயி தாலுக்கா ஆபீசுக்கு வந்தார். இடுப்பில் ஒரு பித்தளைக் குடம். நேராகத் தலைமைக் குமாஸ்தாவின் மேசையில் ஃபைல்களை ஒதுக்கிவிட்டுக் குடத்தை இறக்கி வைத்தார். எட்டிப் பார்த்தோம். தண்ணீர் ரோஜா நிறத்தில் இருந்தது.

"என்னம்மா இது?"

"எங்க கெணத்துத் தண்ணிங்க. எந்தங்கச்சி வெண்ணந்தூர்ல சாயப் பட்டறையில வேல செய்யறாளுங்க. அங்க மீந்த செவப்புச் சாயத்த வாங்கியாந்து, ஆலக் குட்டையில ஊர்க்காரங்க நாலு பேரு பாக்கக் கரச்சு ஊத்தினனுங்க. எட்டு நாளாச்சு. இன்னைக்கு விடியக்கால எங்க கெணத்துல ஊத்துக்கண்ணு செவப்பாக் கசியுதுங்க. வந்து பாருங்க."

குமாஸ்தாவுக்கு முதல் கவலை, குடத்தை எந்தப் பதிவேட்டில் வரவு வைப்பது என்பது. மனு, மகஜர், புகார் எல்லாவற்றுக்கும் பதிவேடு இருந்தது. தண்ணீருக்கு இல்லை. இரண்டாவது கவலையை வாய்விட்டே சொன்னார். "சர்வேயர் அறிக்கைப்படி உங்க கிணத்துக்குக் குட்டைத் தண்ணி வர முடியாதேம்மா."

நான் மூலையில் நின்றுகொண்டிருந்தேன். பைக்குள் கடிதம். அந்த அம்மா இப்போது கோழிக் கதையை எடுத்து ஆபீஸ் நடுவில் போட்டு உடைக்கப் போகிறார் என்று பயந்தேன். அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"சாமி அளந்தது சரியாத்தான் இருக்குமுங்க" என்றார். "மேல மேடா இருந்தாலும், மண்ணுக்குள்ள தண்ணி எந்தப் பக்கம் போகுதுன்னு ஆரு கண்டாங்க?"

இதைவிட நறுக்கென்று ஒருவரைக் குத்திக்காட்ட முடியாது என்று நான் அப்போது நினைத்தேன். போகும்போது என் பக்கம் வந்து, "நல்லா இருக்கீங்களா சாமி?" என்று வேறு கேட்டார். அதையும் கேலி என்றே எடுத்துக்கொண்டேன்.

தாசில்தார் நேரில் போய்க் கிணற்றைப் பார்த்தார். குட்டையை மூடி வேறு பக்கம் வாய்க்கால் வெட்ட உத்தரவு போட்டார். என் அறிக்கையை என்ன செய்வது என்று பிரச்சினை வந்தது. அதை ரத்து செய்ய யாரும் மனுக் கொடுக்கவில்லையே. நில மட்டம் அறிக்கையில் கண்டபடியே, தண்ணீர் மட்டும் அதற்கு மாறாக நடந்துகொண்டிருக்கிறது என்று ஃபைலில் எழுதி முடித்தார். எனக்கும் நற்சான்று வந்தது. துல்லியமான அளவையாளர் என்று அதில் எழுதியிருந்தது. அந்தத் துல்லியத்தோடு கப்பல் ஏறினேன்.

7

இங்கே வந்து சேர்ந்த இரண்டாம் வருடம், எந்த ஆலையின் கழிவு எந்தக் கிணற்றுக்குப் போகிறது என்று கண்டுபிடிக்க வழி தெரியாமல் எங்கள் பேராசிரியர் தவித்துக்கொண்டிருந்தார். சாயம் கரைத்து ஊற்றிப் பார்க்கலாம் என்றேன். ஊற்றினோம். பச்சைச் சாயம். வெற்றி. அதையே பல வருடம் செய்து, இந்த வசந்தத்தில் ஒரு கட்டுரையாக அச்சிட்டோம். கட்டுரையின் கடைசியில் நன்றி சொல்லும் இடத்தில், இந்த முறையை எனக்குக் காட்டியவர் செல்லாயி என்று போட்டேன். அவர் எந்த நிறுவனத்தைச் சேர்ந்தவர் என்று பத்திரிகை ஆசிரியர் எழுதிக் கேட்டார். சொந்தக் கிணறு, சேந்தமங்கலம் என்று எழுதி அனுப்பினேன். அப்படியே அச்சாகிவிட்டது.

இதையெல்லாம் செய்த பிறகும் மனதில் அந்தக் கோழி உறுத்திக்கொண்டே இருந்தது. அதை நான் தொடவில்லை என்பதற்கு எனக்கு இருந்த ஒரே சாட்சி அந்த வெள்ளிக்கிழமைதான். அதனால் நான் வெள்ளிக்கிழமையை விடாமல் பிடித்துக்கொண்டேன். போன வருடம் திருச்சபையே அந்தக் கட்டுப்பாட்டைத் தளர்த்திவிட்டது. இங்கே பங்குச் சாமியாரே வெள்ளிக்கிழமை கறி சாப்பிடுகிறார். என்னிடம் இருந்த ஒரே சாட்சியையும் ரோமாபுரியில் கலைத்துவிட்டார்கள். நான் மட்டும் தொடுவதில்லை. என் பக்தியைப் பார்த்து மேரி ஊருக்கெல்லாம் பெருமையாகக் கடிதம் எழுதுகிறாள்.

புதுக் கருவியில் எண்கள் நேராகத் தெரிந்த அன்று, டிரங்குப் பெட்டியிலிருந்து அந்தப் பழைய கடிதத்தை எடுத்தேன். அச்சடித்த கட்டுரையோடு சேர்த்து, நடந்ததை நாலு வரி எழுதி, செல்லாயிக்கு அனுப்பினேன். வீட்டு எண் இல்லாமல் கடிதம் போய்ச் சேராது என்று இங்குள்ள தபால்காரர் அடித்துச் சொன்னார். ஜவ்வரிசி ஆலைக்குக் கிழக்கே, கிணற்றுக்காரர் என்று எழுதியிருந்தேன். போய்ச் சேர்ந்தது. வீதிப் பெயர், வீட்டு எண் எல்லாம் சரியாகப் போட்டு ஆரோக்கியம் என்ற பெயரில் எனக்கு வந்த கடிதம்தான் இந்த ஊரில் அப்படி ஒருவர் இல்லை என்று திரும்பப் பார்த்தது. நல்லவேளையாக ரோஸி வாசலில் நின்று பிடுங்கிக்கொண்டு வந்தாள். அது செல்லாயியின் பதில். அவர் சொல்லச் சொல்ல அவர் மகள் எழுதியிருக்கிறாள். சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து உரக்கப் படித்தேன்.

"சாமிக்குச் செல்லாயி வணக்கமுங்க. உங்க பழைய கடுதாசியும் அச்சடிச்ச காயிதமும் வந்துச்சுங்க. எம்பேரு எங்க இருக்குதுன்னு எம்மவ தொட்டுக் காட்டினாளுங்க. எனக்குப் படிக்கத் தெரியாது, தடவிப் பாத்துக்கிட்டனுங்க.

கோலத் தலகீழாப் புடிச்ச சமாச்சாரம் எனக்கு அப்பவே தெரியுமுங்க. வேலூர்ல நீங்க கண்டுபுடிச்ச மறுநாளே கருப்பண்ணன் பஸ்ஸேறி எங்க ஊட்டுக்கு வந்துட்டாருங்க. தப்பு என்னுதுதான், சாரு படிக்கப் போகோணும், அவரு மேல மனு எழுதிப்புடாதீங்கன்னு வாசல்ல உக்காந்து அழுதாருங்க. ரெண்டு நாளு ரோசன பண்ணுனனுங்க. உங்க மேல எழுதுனா எங்கெணறு பொழைக்கும், உங்க படிப்புப் போயிரும். ரெண்டும் பொழைக்கட்டும்னுதான் சாயம் கரச்சனுங்க. ஆபீசுல வந்து நீங்க அளந்தது சரின்னு சொன்னது அதுக்குத்தானுங்க. நீங்க மொகத்தத் தொங்கப் போட்டுக்கிட்டு நின்னீங்க. எனக்குச் சிரிப்பு வந்துருச்சு, அடக்கிக்கிட்டனுங்க.

கெணறு நல்லா இருக்குதுங்க. ஆலத் தண்ணி இப்ப மேக்கால போவுதுங்க. அந்தப் பக்கத்துக்காரங்க சாயம் எங்க வாங்குனீங்கன்னு எங்கிட்டக் கேட்டுட்டு வாராங்க.

கோழியப் பத்தி அன்னைக்குக் கேட்டுப்புட்டனே, அது மட்டும் தெரியாமக் கேட்டதுங்க. உங்க பங்கையும் தான்தான் தின்னதுன்னு கருப்பண்ணன் ஒத்துக்கிட்டாருங்க. மனசுல வெச்சுக்காதீங்க சாமி."

படித்து முடித்தபோது எனக்குக் கண் தெரியவில்லை. பத்து வருடமாக யார் வாயில் என் பெயர் கெட்டுக் கிடக்கிறது என்று நினைத்து வெட்கப்பட்டேனோ, அவர்தான் அதைக் காப்பாற்றிக் கொடுத்திருக்கிறார். கடிதத்தைப் பையில் வைத்துக்கொண்டு நான் பஸ்ஸில் சுற்றிய நாட்களில், எனக்காக ஒருவர் அழுதிருக்கிறார், ஒருவர் சாயம் வாங்கப் போயிருக்கிறார். மேரி என் தோளில் கை வைத்தாள். ரோஸி எழுந்து வந்து கடிதத்தை எட்டிப் பார்த்தாள். ஏன் இந்த அம்மா ஒவ்வொரு வார்த்தையிலும் ங்க போடுகிறார் என்று டச்சில் கேட்டாள். மரியாதைக்கு என்றேன். "யாருக்கு, உனக்கா?" என்றாள் தமிழில்.

"ஆமாம், எனக்குத்தான்" என்றேன்.

நாளை வெள்ளிக்கிழமை. கோழிக்குழம்பு வைக்கச் சொல்லி மேரியிடம் சொல்லியிருக்கிறேன்.